கிழக்கு மூலைக் கேபிள்

கொட்டகையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து நாலு வார்த்தை பேசும்படி சொன்னார்கள். பேசுவது எனக்கு வராது. எதிரே மூன்று பேர் உட்கார்ந்தாலே குரல் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். நான் அங்கே இருக்க மாட்டேன்.

துகள் பிடிக்கும் கருவிக்குக் கண்ணாடித் தட்டுகளை எப்படி ஒட்டுவது, வாயுவை எப்படி நிரப்புவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கே அது கைவந்தது, உங்களுக்கு ஒரு மாதம் போதும். பசை என் கைக்கு ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிய ஆரம்பித்த பிறகுதான் வேலையை விட்டு நின்றேன். அதுவரை உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தகரக் கொட்டகைதான் எனக்கு எல்லாம். அங்கே நடந்த ஒரு சேட்டையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கடைசியாக வந்தவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் அடிப்படை. நியூட்ரினோ என்ற நுண்துகள் வானத்துக் காற்றில் பிறக்கிறது. நம் தலைக்கு மேலே பிறந்தது கொஞ்ச தூரம்தான் வருகிறது. பூமிக்கு அந்தப் பக்கம் பிறந்தது பூமியையே துளைத்துக்கொண்டு நம் காலடி வழியாக வருகிறது. அந்த நெடும்பயணத்தில் அது ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறும், சில சமயம் திரும்பவும் பழைய வகையாகவே மாறிவிடும். இதைத்தான் அலைவு என்கிறார்கள். மேலிருந்து எத்தனை வந்தன, கீழிருந்து எத்தனை வந்தன என்று ஒப்பிட்டால்தான் அது தெரியும். ஆகவே மேல் எது, கீழ் எது என்று குழம்புகிறவர்கள் இந்தத் தொழிலில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

நம் கொட்டகையில் இருப்பது பழகுவதற்கான சின்னக் கருவி. அதில் நியூட்ரினோ விழும் என்று உட்கார்ந்திருந்தால் ஆயுசு போய்விடும். வானத்திலிருந்து ஓயாமல் கொட்டும் மியூவான் என்ற துகள்களை வைத்துத்தான் பழகுகிறோம். மியூவான் மேலிருந்துதான் வரும். மேல் தட்டில் முதலில் படும், பிறகு கீழ்த் தட்டில் படும். ஒன்று கீழிருந்து வந்ததாகக் கருவி காட்டினால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். கருவியில் கோளாறு, இல்லாவிட்டால் யாரோ சேட்டை செய்திருக்கிறார்கள்.

சேட்டை என்பது எங்கள் கொட்டகையில் ஒரு முறை. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் பெரிய சார். கணக்குப் பார்க்கும் குழுவில் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன்னால் கருவியில் ரகசியமாக ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைக்கச் சொல்வார். தேர்வு எழுதுகிறவர் கொட்டகைக்குள் காலடி வைக்கக் கூடாது. வரும் தரவை மட்டும் பார்த்து, கெட்டது என்ன, எங்கே என்று சொல்ல வேண்டும். கெடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது, பெரிய சார் கேட்டாலும்கூட.

முதல் தடவை வைத்தபோது இரண்டு பையன்களுக்குத் தேர்வு. ஒரு வாரம் கண் எரிய உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவன் மூன்று கோளாறு கண்டுபிடித்தான். இன்னொருவன் ஒருபடி மேலே போய், கொட்டகையே கடல் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். பெரிய சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தம்பிகளா, நான் எதையுமே கெடுக்கச் சொல்லல. கொட்டகை சாயல. நீங்கதான் சாஞ்சுட்டீங்க.”

அன்றைக்கு முழுவதும் அந்தப் பையன் நடந்து போனால் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிவிட்டார்கள். அது வேடிக்கைதான். ஆனால் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், நம் கண் அதைச் செய்துகொடுத்துவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஸ்டெல்லாவின் முறை வந்தது. ஸ்டெல்லா பாம்பன் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர். காலையில் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து, பொழுது சாய்ந்தால் அதே பஸ்ஸில் திரும்பிவிடும். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டும் போகாமல் இங்கே ஒப்பந்தத்தில் கிடந்தது. அந்த ஒப்பந்தமும் முடியப் போகிற நேரம். தேர்வில் தேறினால் நியூட்ரினோ பிடிக்கும் பெரிய கருவிக்குக் கணக்குப் பார்க்கும் குழுவில் நிரந்தர இடம். தேறாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை அம்மா வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

பெரிய சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வள்ளியம்மா, ஒரு சேட்டை பண்ணணும்.”

“நானா சார்? எனக்கு அதெல்லாம்...”

“ஒங்களுக்கு அதெல்லாம் வராதுன்னு ஊருக்கே தெரியும். அதுக்குத்தான் ஒங்களக் கேக்குறேன். என்ன பண்ணுனீங்கன்னு எங்கிட்டயும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும் முழிங்க. நல்லா முழிப்பீங்களே!”

முழிப்பது எனக்கு நன்றாக வரும். அதனால் ஒப்புக்கொண்டேன்.

என்ன செய்வது என்று நாலைந்து நாள் யோசித்தேன். கருவியின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் மேல் தட்டுக்கு ஒரு கேபிள், கீழ்த் தட்டுக்கு ஒரு கேபிள் வரும். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே தடிமன். ஒட்டியிருந்த சீட்டெல்லாம் உப்புக்காற்றில் எப்போதோ உரிந்துவிட்டது. இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினால் போதும். அந்த மூலை வழியாகப் போகும் மியூவான் எல்லாம் கீழிருந்து மேலே போவதாகக் கருவி காட்டும். மற்ற மூலைகள் சரியாக இருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. அழகான சேட்டை. கிழக்கு மூலையைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற மூன்று மூலைக்கும் ஏணி வேண்டும். கிழக்கு மூலையில் இடுப்பு உயரத்திலேயே செருகிவிடலாம். அதைவிட முக்கியம், ஏசிக் காற்று விழுவதும் அங்கேதான். அந்த வெக்கையில் நான் வேறு எங்கே போய் நிற்பேன்?

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. கருவி நின்றது. எல்லோரும் வெளியே வேப்பமரத்து நிழலுக்கு ஓடினார்கள். வாயு வால்வை மூடுவது என் வேலை என்பதால் நான் உள்ளே இருந்தேன். வால்வை மூடினேன், கேபிளை மாற்றினேன், வெளியே வந்தேன். வாசலில் காதர் பாய் டார்ச்சோடு எதிரே வந்தார். ஜீப் ஓட்டுவதும் ஜெனரேட்டர் பார்ப்பதும் அவர்தான். ஒயரைப் பார்க்க உள்ளே போகிறார் என்று ஒதுங்கி நின்றேன்.

“என்னா தங்கச்சி, பேயப் பாத்த மாதிரி வாரீங்க?”

“வெக்கை பாய்.”

அதற்குள் வெக்கையைப் பற்றி அவர் ஒரு கதையை ஆரம்பித்துவிட்டார். காதர் பாய் பேச ஆரம்பித்தால் யாரும் கேட்க மாட்டார்கள், அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். நான் மரத்தடிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் ஓடியது, கருவியும் ஓடியது.

அன்றிலிருந்து ஸ்டெல்லா பக்கத்து அறைக் கம்ப்யூட்டரைவிட்டு எழுந்திருக்கவில்லை. முதல் இரண்டு நாள் உற்சாகமாக இருந்தது. மூன்றாம் நாள் முகம் சுருங்கியது. நாலாம் நாள் என்னைப் பார்த்து, “அக்கா, எல்லாம் மேலருந்துதான் வருது. ஒரு மூலகூட மிச்சம் வைக்கல. எதுவுமே இல்ல” என்றது.

என் கையால் மாற்றி வைத்திருக்கிறேன், இந்தப் பிள்ளை இல்லை என்கிறது! இப்படியே எழுதிக் கொடுத்தால் அந்த அம்மா வந்து ஒரே வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சொல்லவும் கூடாது, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. வாயைத்தானே திறக்கக் கூடாது என்றார்கள், கையை ஒன்றும் சொல்லவில்லையே என்று மனம் ஒரு சந்து கண்டுபிடித்தது.

அடுத்த நாள் அவளுக்கு டீ கொண்டுபோனேன். காலி தம்ளர் இரண்டை மேஜையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். கிழக்குப் பக்க ஓரமாக. ஸ்டெல்லா அதைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

“ஏக்கா, டீயக் கூரையிலருந்து ஊத்தப் போறீங்களா?”

நான் தம்ளரை இன்னும் கொஞ்சம் கிழக்கே நகர்த்தினேன். அந்த நேரம் பார்த்துக் காதர் பாய் உள்ளே வந்து, யாரும் கேட்காமலே ஒரு கதையை எடுத்துவிட்டார். அவருடைய மச்சான் பெண் பார்க்கப் போன அன்றைக்குச் சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு போனானாம்.

“பொத்தானு பூராம் முதுகுல. யாருமே பாக்கல புள்ள. பொண்ணுதான் கண்டுபுடிச்சுச்சு. புத்திசாலிப் பொண்ணுங்க அப்படித்தான், முன்னது பின்னது, மேலது கீழதுன்னு ஒண்ண விடாம பாக்கும்.”

இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று நான் நினைத்தேன். அவர் என் தம்ளர்களைப் பார்த்து அதையேதான் நினைத்திருப்பார்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. காதர் பாய் போன பிறகு இரண்டு தம்ளரையும் எடுத்து நிமிர்த்தி வைத்தது.

“அக்கா, நீங்க என்ன சொல்ல வாரீங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. இனிமே இந்தப் பக்கம் டீ கொண்டு வராதீங்க.”

“நான் ஒண்ணும் சொல்லலையே தாயி.”

“சொல்லல. ஆனா ஒங்க மூஞ்சியப் பாத்தா நான் ஃபெயிலுன்னு தெரியுது. அதுக்காக ஒங்க மூஞ்சிய எழுதிக் குடுக்க முடியுமா? தரவுல இல்லாதத நான் எங்கேருந்து எடுத்து எழுத?”

“இன்னொரு தடவ பாரு தாயி.”

“பாக்குறேன். மாதா சத்தியமா பாக்குறேன்.”

பார்த்தது. கடைசி பஸ் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தது. அடுத்த நாளும் பார்த்தது. ஒரு வரி எழுதினால் போதும், கிழக்கு மூலை தலைகீழ் என்று. அந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். யார் கெடுத்தது என்றே தெரிந்துபோன பிறகு, அந்த ஒரு வரியை எழுதாமல் இருப்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேராசிரியை அம்மா வந்தார். கொட்டகைக்குப் பக்கத்து அறையில் எல்லோரும் கூடினோம். காதர் பாய் மட்டும் ஜீப்பைக் கழுவுகிறேன் என்று வெளியே நின்றுகொண்டார். ஸ்டெல்லா எழுந்து நின்று தன் கணக்குகளைக் காட்டியது. நாலு மூலையும் சுத்தம், எல்லாத் துகளும் மேலிருந்தே வருகின்றன, கெட்டது எதுவும் இல்லை என்று முடித்தது. ஒரு சொல்லைக்கூட மெல்லவில்லை.

பெரிய சார் என் பக்கம் திரும்பினார். “வள்ளியம்மா, இப்ப சொல்லலாம். நீங்க ஏதாவது பண்ணுனீங்களா?”

“மாத்தினேன் சார்” என்றேன். அந்த நேரம் பார்த்துக் கடற்படை விமானம் ஒன்று கூரையைத் தடவுவதுபோலப் போனது.

“என்ன?”

“மாத்தினேன்.”

“காதுல விழலம்மா!”

“மாத்தினேன்!” என்று கத்தினேன். விமானம் அதற்குள் போய்விட்டிருந்தது. என் சத்தம் அறை முழுக்க நின்றது. என் வாழ்க்கையில் நான் போட்ட பெரிய சத்தம் அதுதான். கிழக்கு மூலையில் மேல் கேபிளையும் கீழ்க் கேபிளையும் மாற்றியதைச் சொல்லி உட்கார்ந்தேன். ஸ்டெல்லா பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மா பேனாவை மூடினார். “அப்படியென்றால் இந்தப் பெண் தவறவிட்டுவிட்டாள்.”

“இல்ல மேடம்” என்றது ஸ்டெல்லா. “அக்கா மாத்துனது நெசமாத்தான் இருக்கும். அவங்களுக்குப் பொய் சொல்ல வராது. ஆனா தரவுல கிழக்கு மூல நேராத்தான் இருக்கு. அப்படின்னா யாரோ திரும்ப மாத்தியிருக்கணும்.”

“தோற்றவர்கள் எல்லோரும் இப்படி ஒரு யாரோவைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள்.”

“இருக்கலாம் மேடம். ஆனா நான் எழுதுனத மாத்த மாட்டேன்.”

பெரிய சார் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். ஜன்னலுக்குப் போய், “பாய்! இங்க வாங்க!” என்று கூப்பிட்டார்.

காதர் பாய் ஈரக் கையோடு வந்து நின்றார்.

“நான் ஒங்ககிட்ட ஒரு வேலை சொன்னேனே, செஞ்சீங்களா?”

“என்னா வேல சார்? எனக்கு ஒண்ணும் தெரியாதே.” கண்ணை மட்டும் சிமிட்டினார்.

“இப்ப சொல்லலாம் பாய்.”

“நீங்களே கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க!”

“இப்ப நானே சொல்லச் சொல்றேன்!”

“அப்பச் சரி. கரண்டு போன அன்னைக்கு டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போயி, ரெண்டு கேபிள இடம் மாத்திச் சொருகினேன். அல்லா அறிய ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.”

“எந்த மூலை?”

“கிழக்குதான் சார். அங்கனதானே ஏசி நின்ன பொறவும் கொஞ்ச நேரம் ஜில்லுன்னு இருக்கு.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பெரிய சார் பேசாதவள் ஒருத்தியையும், ஓயாமல் பேசுகிறவர் ஒருவரையும் தனித்தனியாக ஏற்பாடு செய்திருக்கிறார். இரண்டு கோளாறு இருந்தால் தேர்வு கடினமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். ஒருத்தி சொல்ல மாட்டாள், இன்னொருவர் சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டவர், இரண்டு பேருக்கும் வியர்க்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கரண்ட் போன சில நிமிடத்துக்குள் கேபிள் தலைகீழாகப் போய், மறுபடி நேராக வந்துவிட்டது. கருவி நின்றிருந்ததால் நடுவில் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. யார் கண்ணிலும் படாமல் மாறி, மாறாததுபோலவே வந்து சேர்ந்ததைப் பற்றிப் பெரிய சார் நியூட்ரினோவை வைத்து ஏதோ வேடிக்கை சொன்னார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

“ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது” என்றார். “இந்தப் பெண்ணுக்கு யாராவது சாடை காட்டினீர்களா? காட்டியிருந்தால் தேர்வு செல்லாது. விதி அது.”

“நான் சாடையெல்லாம் காட்டலம்மா, கதைதான் சொன்னேன்” என்று காதர் பாய் முந்திக்கொண்டார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

இல்லை என்று சொன்னால் இந்தப் பிள்ளை தப்பித்துவிடும். ஆனால் அந்த அம்மா அடுத்து அவளைத்தான் கேட்பார், அவள் மறைக்க மாட்டாள். தரவில் இல்லாததை எழுத மறுத்தவளை என்னால் ஒரு பொய்க்குத் துணை நிற்க வைக்க முடியவில்லை. எழுந்து தம்ளர் கவிழ்த்த கதையைச் சொன்னேன். இந்தத் தடவை விமானம் ஒன்றும் வரவில்லை.

அந்த அம்மா ஸ்டெல்லாவைப் பார்த்தார். “உனக்கு அது புரிந்ததா?”

“புரிஞ்சது மேடம். பாய் கதையும் புரிஞ்சது. ரெண்டு பேரும் தலைகீழுன்னு சொல்றாங்கன்னு தெரிஞ்சுச்சு.”

“தெரிந்துமா நேர் என்று எழுதினாய்?”

“தரவு நேராத்தானே மேடம் இருந்துச்சு.”

அந்த அம்மா மூடிய பேனாவைத் திறந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இருபக்கமும் ஆள் உட்கார்ந்து காப்பி அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த விடை இரண்டும் தப்பு. இவள் இரண்டையும் தொடவில்லை. இதைவிடக் கடுமையான தேர்வை நான் வைக்க முடியாது. இவள் தேறிவிட்டாள். இந்த அறையில் தேறாதவர் ஒருவர்தான்.”

பெரிய சார் ஏன் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் முழித்தார். எனக்கு அடுத்தபடி நன்றாக முழிக்கிறவர் அவர்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. பிறகு அந்த அம்மா சொன்னபடி கொட்டகைக்குள் போய், முழங்காலிட்டு, கிழக்கு மூலைக் கேபிளைச் செருகிய இடத்திலிருந்து தட்டு வரைக்கும் கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தார். எல்லோரும் சுற்றி நின்றோம். “நேராத்தான் இருக்கு” என்று தரையிலிருந்து குரல் வந்தது. ஸ்டெல்லா அப்போதுதான் சுவரில் சாய்ந்து அழுதது. காதர் பாய் துடைக்கக் கொடுத்த துணி ஜீப் கழுவிய துணி.

சேட்டையை ஒளித்துவைக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் இரக்கப்படாதீர்கள். நானும் பாயும் இரக்கப்பட்டு அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது ஒரு தப்பான விடை. அவள் எங்கள்மேல் வைத்திருந்த பிரியத்தில் அதை எழுதியிருந்தால், அவளைக் கெடுத்தது நாங்கள்தான் என்று யாருக்கும் தெரிந்திருக்காது, எங்களுக்கும்தான். தேர்வு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை செய்ததைச் செய்யுங்கள்.

உங்களுக்கு வரப்போகும் சேட்டையை ஏற்பாடு செய்கிறவள் ஸ்டெல்லாதான் என்று கேள்விப்பட்டேன். ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறாளா, மூன்று பேரையா, ஒருவரையும் இல்லையா என்று கேட்டுப் பார்த்தேன். என்னிடமே, “எந்தச் சேட்டக்கா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நன்றாகத் தேறிவிட்டாள். உங்கள் பாடுதான் கஷ்டம்.